மகள் பேசி முடிக்கும்வரை

அலுவலகத்தில் அவளை நேரில் 'மேடம்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'முந்திரிக்கொட்டை' என்பார்கள். இரண்டும் அவள் காதுக்கு வந்துவிட்டன. காதுக்காகவே சம்பளம் வாங்குகிறவளைப் பற்றி ரகசியம் பேசினால் வேறென்ன நடக்கும். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "முந்திரியாவது மரியாதையான பொருள். கடலைன்னு சொல்லாம விட்டாங்களே" என்று தானே சொல்லிச் சிரித்தாள். அதற்குப் பிறகு பெயர் முந்திரி என்று சுருங்கி நேரிலேயே புழங்க ஆரம்பித்தது. நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

பெயர் வந்த காரணத்தை விளக்க வேண்டியதில்லை. எதிரில் இருப்பவர் பாதி வாக்கியம் சொன்னால் போதும், மீதியை முந்திரி சொல்லிவிடுவாள். மழை வரும் போல என்று ஆரம்பித்தால், துணி காயப்போட்டிருக்கீங்களா, ஓடுங்க என்பாள். லிஃப்டில் பதிவுசெய்த குரல் "கதவு" என்னும்போதே "திறக்குது, தெரியுது" என்று பதில் சொல்லுவாள். வீட்டில் செய்தி வாசிக்கிற பெண்ணோடும் இதே வழக்குத்தான். அந்தப் பெண் மட்டும் இவளுக்குக் கொஞ்சமும் இடம் கொடுப்பதில்லை. அதனாலேயே முந்திரிக்கு அவளைப் பிடித்திருந்தது.

அவள் வேலை பார்த்த நிறுவனம் பேசும் ஆட்களைத் தயாரித்தது. நிஜ ஆட்கள் இல்லை. திரையில் ஒரு முகம், அந்த முகத்துக்கு ஒரு குரல். தனியாக இருப்பவர்கள் பேச்சுத்துணைக்கு வைத்துக்கொள்ளலாம். என்ன பேசுவது என்பதைக் கம்ப்யூட்டர் எப்படியோ சமாளித்துவிடும். எப்போது பேசுவது என்பதுதான் தலைவலி. மனிதர்கள் மூச்சு வாங்க நிறுத்துகிறார்கள், சொல்லைத் தேடி நிறுத்துகிறார்கள், அழுகையை அடக்க நிறுத்துகிறார்கள், பேசி முடித்துவிட்டும் நிறுத்துகிறார்கள். இதில் எந்த நிறுத்தத்தில் வாயைத் திறக்கலாம் என்று மெஷினுக்குத் தெரியாது. நமக்கே பாதி நேரம் தெரிவதில்லை.

அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் முந்திரி மாதிரிச் சிலரை வேலைக்கு வைத்திருந்தார்கள். காதில் ஹெட்செட், கையடியில் ஒரு பட்டன். யாரோ முன்பின் தெரியாதவர் பேசிய பதிவு ஓடும். 'இப்போது நான் பேசலாம்' என்று தோன்றுகிற இடத்தில் பட்டனை அமுக்க வேண்டும். மற்றவர்கள் பேச்சு நின்று, ஒரு மூச்சு விட்டு அமுக்கினார்கள். முந்திரி பேச்சு நிற்பதற்கு முன்பே அமுக்கினாள். டீம் லீடர் முதலில் பட்டன்தான் பழுது என்று நினைத்து மாற்றிக் கொடுத்தார். புதுப் பட்டனும் முந்தியது. பிறகுதான் கோளாறு பட்டனில் இல்லை, சுபாவத்தில் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

புரிந்ததும் அவர் அதை வீணாக்கவில்லை. மெதுவாக அமுக்கினவர்களின் கணக்கை வைத்து ஓர் ஆளைச் செய்தார்கள். அதற்குச் சாந்தம் என்று பெயர். வேகமாக அமுக்கினவர்களை வைத்து இன்னோர் ஆள். அது கலகலப்பு. முகம் ஒன்று, குரல் ஒன்று, அறிவும் ஒன்றுதான். வித்தியாசம் வாயைத் திறக்கும் நேரத்தில் மட்டும். சாந்தம் நீங்கள் முடிக்கும்வரை காத்திருக்கும், நடுநடுவே 'ம்' கொட்டும், நீங்கள் குறுக்கே வந்தால் உடனே அடங்கிவிடும். கலகலப்பு உங்கள் வாக்கியத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரும். நீங்கள் குறுக்கே வந்தாலும் தான் சொல்ல வந்ததைச் சொல்லித்தான் ஓயும்.

கலகலப்பின் வேகத்தில் பெரும்பங்கு தன் விரலிலிருந்து போனது என்று முந்திரிக்குத் தெரியும். தான் பெற்ற பிள்ளை மாதிரி அதன்மேல் ஒரு பாசம். சாந்தத்தோடு அவளுக்கு ஒட்டவே இல்லை. "கிணத்துல கல்லைப் போட்டுட்டுச் சத்தம் வருமா வருமான்னு நிக்கிற மாதிரி இருக்கு தம்பி, அதுகிட்ட பேசினா" என்று டீம் லீடரிடம் சொன்னாள்.

டீம் லீடர் யோசித்துப் பேசுகிறவர். அவள் மகள் வயதுதான் இருக்கும். ஆன்லைன் மீட்டிங் நடக்கும்போதெல்லாம் அவர் அவளிடம் தவறாமல் சொல்லும் ஒரே வாக்கியம், "மேடம், கொஞ்சம் மியூட்ல இருங்க" என்பது. அவளும் இருப்பாள். மியூட்டில் இருந்தபடியே அத்தனை பேருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். யாருக்கும் கேட்காது, யாருக்கும் நஷ்டமில்லை.

அவள் பிறந்த வீடு அப்படி. அண்ணன், தம்பி, அக்கா, சித்தப்பா, அத்தை என்று சாப்பிட உட்கார்ந்தால் எல்லா வாயும் ஒரே நேரத்தில் திறக்கும். பொறுத்திருந்து பேசலாம் என்று நினைத்தவன் பொறுத்தே இருக்க வேண்டியதுதான். அங்கே குறுக்கே பேசுவதற்குப் பெயர் மரியாதைக்குறைவு இல்லை. நீ சொல்வதை நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்பதற்கு அத்தாட்சி. கல்யாணமாகி வந்த இடமோ நேர் எதிர். கணவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நாம் ஒரு தடவை வெளியே போய்விட்டு வரலாம். அவர் ஆரம்பித்த வாக்கியங்களை எல்லாம் இவள்தான் முடித்தாள். அவர் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் முடித்துவைக்க வாக்கியமே இல்லை.

மகள் அப்பாவைக் கொண்டு பிறந்தவள். வெகுதூரத்தில், வேறு ஊரில் வேலை. கல்யாணமாகி அங்கேயே குடித்தனம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவாள். முன்பெல்லாம் வாரம் தவறாது. இப்போது ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், நடுவில் 'நல்லா இருக்கேன்மா' என்று ஒரு மெசேஜ். கொஞ்ச நாளாக அவள் பேச்சு ஒரே மாதிரிதான் ஆரம்பித்தது.

"அம்மா, நாங்க ரெண்டு பேரும்..."

"வர்றீங்களா? லீவு கிடைச்சிருச்சா?"

"இல்லம்மா, அது வந்து..."

"மாப்பிள்ளைக்கு வேலை ஜாஸ்தியா இருக்கும். பரவாயில்ல, மெதுவா வாங்க. அந்த ரூமை ஒழிச்சு வச்சுட்டேன், ஜன்னலுக்குத் திரை மாத்திட்டேன்."

"ஆமா" என்பாள் மகள். பிறகு வைத்துவிடுவாள். முந்திரி போனை மேஜைமேல் வைத்துவிட்டு அந்த அறையை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். பேசின திருப்தி இருக்கும். பேச்சு போதவில்லை என்பதும் இருக்கும். ஏன் போதவில்லை என்று மட்டும் தெரியாது. இந்தப் பெண் ஏன் நம்மிடம் மனசுவிட்டுப் பேசுவதில்லை என்று பல்லைத் தேய்க்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் நினைத்து மாய்ந்துபோவாள். அவளுக்கு இருப்பது ஒரே பெண். அந்தப் பெண்ணும் கை நழுவிக்கொண்டிருக்கிறாள் என்ற பயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வாரம் டீம் லீடர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். இரண்டு ஆட்களையும் வெளியே கொஞ்சம் பேரிடம் கொடுத்துப் பேசவைத்துக் கருத்துக் கேட்டிருந்தார்கள்.

"சாந்தத்துக்கிட்ட பேசினவங்க, அது அன்பா இருக்குன்னு சொல்றாங்க மேடம்."

"அதுவா? வாயே திறக்காதே. கலகலப்புக்கு என்ன சொன்னாங்க?"

"சில பேருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. சொந்தக்காரங்ககிட்ட பேசுற மாதிரி இருக்காம்." அவர் நிறுத்தினார். "நிறையப் பேர், அதுக்கு நம்ம மேல..."

"அக்கறை ஜாஸ்தின்னு சொல்றாங்களா?"

"அக்கறையே இல்லைன்னு சொல்றாங்க."

முந்திரிக்குச் சுருக்கென்றது. ஓடி ஓடி முன்னால் வந்து நிற்கிறவளுக்கா அக்கறை இல்லை. அவர் ஒரு பதிவைப் போட்டுக் காட்டினார். ஒரு பெரியவர் கலகலப்போடு பேசிக்கொண்டிருந்தார்.

"நேத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். டாக்டர் என்ன சொன்னார்னா, இனிமே..."

"இனிமே கவலையில்லைன்னு சொல்லிட்டாரா, ரொம்ப சந்தோஷம்" என்றது கலகலப்பு. "சாப்பாட்டுல மட்டும் கொஞ்சம் கவனமா இருங்க."

சற்று நேரம் சத்தமில்லை. பிறகு பெரியவர், "ஆமா" என்றார். பதிவு அங்கேயே முடிந்தது.

"வார்த்தை மெஷினோடது தம்பி" என்றாள் முந்திரி.

"வார்த்தை மெஷினோடதுதான். ஆனா அவர் 'இனிமே'ன்னு நிறுத்தினப்ப உள்ள நுழைஞ்சது..."

"என் விரல்தான்" என்று அவளே முடித்தாள். முடித்த பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். டாக்டர் இனிமேல் என்ன என்று சொன்னார் என்பது இந்த உலகத்தில் அந்தப் பெரியவரோடு நின்றுவிட்டது.

அவளுக்குப் புது வேலை கொடுத்தார்கள். கலகலப்பு பேசிய பதிவுகளில் ஆட்கள் சொல்ல வந்ததைக் கைவிடுகிற இடம் எது என்று குறிக்க வேண்டும். அவளைவிட்டால் அதற்குக் காது கிடையாது என்று டீம் லீடர் சொன்னார். பழிவாங்கலா பாராட்டா என்று முகத்தைப் பார்த்தால் தெரியாத மனிதர். வாரம் பூராவும் உட்கார்ந்து கேட்டாள். கைவிடுகிறவர்கள் சண்டை போடுவதில்லை, 'நான் முடிக்கலை' என்று சொல்வதில்லை. பெரும்பாலும் 'ஆமா' என்கிறார்கள். ஒத்துக்கொண்டு சொல்கிற ஆமாவில் ஒரு தெம்பு இருக்கும். இந்த ஆமா அப்படி இல்லை. எடுத்துக்கொண்டு வந்த பொருளை, வீட்டில் ஆளில்லை என்று தெரிந்து, திரும்ப எடுத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. எங்கேயோ கேட்ட குரல் என்று முதலிரண்டு நாள் நினைத்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் சொல்கிற ஆமாவும் இதேதான். ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கை கழுவும் இடத்தில் போய் நின்று முகத்தைக் கழுவினாள். அழவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டபோது முந்திரி தயாராக இருந்தாள். தன் வாயை அவள் நம்பவில்லை. ஐம்பது வருஷத்து வாய் ஒரே வாரத்தில் திருந்திவிடாது. அதனால் ஆபீஸ் வித்தையைக் கையில் எடுத்தாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"ஆச்சு கண்ணு. நீ சொல்லு, நான் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டு, மியூட் பட்டனை அமுக்கினாள்.

"ம். நான் நல்லா இருக்கேன்."

"வேலை எப்படிப் போகுது, அந்த மேனேஜர்..." என்று ஆரம்பித்த பிறகுதான் மியூட் ஞாபகம் வந்தது. நல்லவேளை என்று நினைத்தாள். வாய் தன்பாட்டுக்குப் பேசிக்கொள்ளட்டும், மகளுக்குக் கேட்காது.

"அம்மா?" என்றாள் மகள்.

பொறு, பொறு என்று முந்திரி தனக்கே சொல்லிக்கொண்டாள். சாந்தம் இப்படித்தான் காத்திருக்கும். சாந்தம் நடுநடுவே 'ம்' கொட்டும் என்பது அவளுக்கு மறந்தே போனது. வாரம் பூராவும் அவள் கேட்டது கலகலப்பை.

"அம்மா, இருக்கியா? கேக்குதா?" கொஞ்சம் காத்திருந்துவிட்டு மகள், "கட்டாயிடுச்சு போல" என்றாள்.

ஐயோ என்று முந்திரி பட்டனைத் தேடினாள். போன் திரை அணைந்திருந்தது. தட்டி எழுப்பி, விரலைக் கொண்டுபோனாள். அதற்குள் மகள் மறுபடியும் பேசினாள். அது வேறு குரல். தாழ்ந்து, அவசரமில்லாமல், யாருமில்லாத அறையில் பேசுகிற குரல். இந்தக் குரலில் மகள் பேசி அவள் கேட்டதே இல்லை. விரல் அந்தரத்தில் நின்றது.

"எப்படியும் உனக்குக் கேக்காது. அம்மா, நாங்க ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டோம். போன வருஷமே. அவர் வேற ஊருக்குப் போயிட்டார். பெரிய சண்டை எல்லாம் ஒண்ணுமில்ல. ஒத்துவரல, அவ்வளவுதான். நான் நல்லாத்தான் இருக்கேன். சாயங்காலம் மட்டும் கொஞ்சம் கஷ்டமா இருக்கு."

போன் வைக்கப்பட்டது.

"ஐயோ கண்ணு, என் தங்கமே, ஏன்டி என்கிட்ட சொல்லல" என்று முந்திரி போனைப் பார்த்துக் கத்தினாள். மியூட்டில் இருக்கும்போதே கேட்காத பேச்சு, வைத்த போனிலா கேட்கப்போகிறது. திரையில் மெசேஜ் வந்தது: 'லைன் சரியில்லம்மா. அடுத்த வாரம் பேசுறேன்.'

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக வந்தன. மாப்பிள்ளை தூங்குறாரா? ஆமா. குளிக்கிறாரா? ஆமா. வேலை விஷயமா வெளியூர் போயிருக்காரா? ஆமா. பொய் சொல்லிவிட்டாளே என்று கோபப்படக்கூட வழியில்லை. மகள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. எல்லாப் பொய்யையும் இவளே சொல்லி, மகளிடம் சம்மதம் மட்டும் வாங்கியிருக்கிறாள். முந்திக்கொண்டு பேசுவது பாசம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். பாசம்தான், இல்லையென்று யார் சொன்னது. ஆனால் அதற்குள்ளே பயமும் இருந்தது. மற்றவர் வாக்கியத்தை நாமே முடித்துவிட்டால் அது நமக்குப் பிடித்த மாதிரி முடியும் அல்லவா.

அவளே திரும்பக் கூப்பிட்டாள்.

"லைன் கட்டாயிடுச்சும்மா" என்றாள் மகள். பழைய குரல், பளிச்சென்று துடைத்துவைத்த குரல்.

"என்னமோ சொல்ல வந்தியே கண்ணு."

"அது ஒண்ணுமில்ல. நாங்க ரெண்டு பேரும்..."

வழக்கமான இடத்தில் மகள் நிறுத்தினாள். அம்மா வந்து நிரப்புவதற்காக விட்ட இடம் அது. அந்த வாக்கியம் எப்படி முடியும் என்று இந்த ஒரு முறை முந்திரிக்கு உண்மையாகவே தெரியும். வாயை இறுக மூடிக்கொண்டாள். நீயே சொல்லு கண்ணு, சொல்லு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. "ம்" என்று மட்டும் சொன்னாள்.

மகள் காத்திருந்து பார்த்தாள். அம்மா வரவில்லை. பிறகு தானே முடித்தாள். "லீவு கிடைக்குமான்னு பாத்துட்டு இருக்கோம்."

அது அம்மாவின் வாக்கியம். மகளின் வாயிலிருந்து வந்தது. காத்திருந்தால் உண்மை தானாக வரும் என்று முந்திரி நினைத்திருந்தாள். காத்திருக்க ஒரு காலம் இருந்தது, அது எப்போதோ போய்விட்டது.

"கண்ணு, லைன் கட்டாகல."

"என்னது?"

"முன்ன நீ பேசினப்ப. லைன் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் மியூட் போட்டு வச்சிருந்தேன்."

முந்திரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். வெகுநேரம் கழித்து மகள், "எதுக்கு?" என்றாள்.

"நடுவுல பேசிடக் கூடாதுன்னு."

மகள் சிரித்த மாதிரி இருந்தது. சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாகிவிட்டது. "ஒரு வருஷமா இதை ஒத்திகை பாத்துட்டு இருக்கேன்மா. பஸ்ல வரும்போது, துணி மடிக்கும்போது. நீ கேக்காதப்பதான் ஒழுங்கா வருது."

முந்திரிக்கு அதைவிடப் பெரிய அடி இதுவரை யாரும் கொடுத்ததில்லை. டீம் லீடர் காட்டிய கருத்துகளை எல்லாம் கூட்டி வைத்தாலும் இதற்கு ஈடாகாது. சொல்ல ஆயிரம் இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு இன்றைக்கே புறப்பட்டு வருகிறேன், உனக்குச் சமைத்துப் போடுகிறேன், அவன் கிடக்கிறான் விடு, அந்த அறை உனக்காகத்தான் இருக்கிறது. எல்லாமே முடிந்த வாக்கியங்கள், பதில் தேவையில்லாதவை. அவற்றை மென்று விழுங்கிவிட்டு, "நான் வரட்டுமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு நிறுத்தினாள். பதில் என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை.

"வேண்டாம்மா" என்றாள் மகள். "இப்ப வேண்டாம்."

"சரி."

அடுத்த வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். முந்திரி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். வேண்டாம் என்று சொன்ன மகள் போனை வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. பேசினால் தப்பாகிவிடும், பேசாவிட்டாலும் தப்பாகிவிடும் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

"ம்."

"நீ இப்படிப் பேசாம இருந்தா, யாருகிட்ட பேசுறேன்னே தெரியல. என்னமோ பயமா இருக்கு. ஏதாவது பேசேன்."

முந்திரி வாயைத் திறந்தாள். பிறந்ததிலிருந்து ஒருநாளும் வற்றாத வாய், வார்த்தை வராமல் நின்றது. மறுமுனையில் மகள் அவசரப்படுத்தவில்லை. அவளுக்குக் காத்திருக்கத் தெரியும்.